தன் உள்ளத்திற்குத் தானே மருத்துவன்

மனிதன் தன் உளநோய்க்குத் தானே மருத்துவனாக இயலுமா? கி.பி. பத்தாம் நூற்றாண்டிலேயே அறிஞர் பெருமக்கள் இதனை ஆய்ந்துள்ளனர்.

அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு 934) யாத்த ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ நூலின் இரண்டாம் பகுதி உள்ளத்திற்கே உரியது. சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகியவற்றை அதில் விரித்துரைக்கிறார். மருந்துகளை முன்கூட்டியே சேமித்து வைப்பதுபோல, மனம் அமைதியாயிருக்கும் வேளையில் நல்லெண்ணங்களைத் திரட்டி வைக்க வேண்டும். கொந்தளிப்பு எழும்போது அவை கைகொடுக்கும் என்பது அவர் கருத்து. எனினும், வஸ்வாஸுக்கு ஆட்பட்டவன் தனித்திருக்கலாகாது என்கிறார். பிறர் அறிவுரையையும் அவர் ஒதுக்கவில்லை.

அவர் காலத்து மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீயோ ‘அத்திப்புர் ரூஹானீ’யில் வேறு கோணத்திலிருந்து பேசுகிறார். தன்மீது கொண்ட பற்று, தன் குறையைக் காணவொட்டாது கண்ணை மறைக்கிறது. ஆதலால் விவேகமுள்ள ஒருவரை நாடி, தன் குறைகளை ஒளிக்காமல் உரைக்குமாறு வேண்ட வேண்டும். அவர் உரைக்கும்போது வருந்தாமல் மகிழ்ச்சி காட்ட வேண்டும். பின்னது எத்துணைக் கடினம் என்பதை மாணவரிடம் குறை கேட்ட ஆசிரியர் எவரும் அறிவர்! ராஸீயின் கூற்றே அனுபவத்திற்கு நெருக்கமானது என்பது நமது துணிபு.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) ‘இஹ்யா’வில் ஷைகு, உண்மை நண்பர் ஆகியோரோடு பகைவரின் நாவையும் குறையறியும் வழியாகச் சேர்த்தார். ஹிஜ்ரி 488இல் (1095) பக்தாதில் பாடம் நடத்த நாவெழாது அவரே தவித்தபோது, நோய் உள்ளத்தில் தோன்றியது என்றுரைத்து மருத்துவர்கள் கைவிட்டனர். அவர் இறைவனிடம் அடைக்கலம் புகுந்து, அவ்வாண்டே பக்தாதை விட்டகன்றார்.