பழஞ்சீலையும் ஜாம் போத்தலும்: தடைக்காலத்தில் எமது கல்லூரி

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, நான் மருத்துவம் பற்றி எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பார்கள். அதிபர்கள், கட்டடங்கள், பரீட்சைப் பெறுபேறுகள், வலைப்பந்தாட்டக் கிண்ணங்கள் பற்றியெல்லாம் என்னிலும் தகுதியானவர்கள் எழுதுவார்கள். 1990 முதல் 1996 வரை எங்கள் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் பழைய பொருள்கள் எப்படிப் புதுப்பொருள்கள் ஆயின என்பதைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன். அந்த ஆண்டுகளில் இங்கே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு படித்தவள் என்ற தகுதி மட்டுமே இதற்கு எனக்கு உண்டு.

பருத்தி ஏற்றுமதியான துறை என்பதால் எங்கள் ஊருக்குப் பருத்தித்துறை என்று பெயர் வந்தது என்று சின்ன வகுப்பில் ரீச்சர் சொல்லித் தந்தார். அந்தப் பெயர் கொண்ட ஊரிலேயே ஒரு முழம் வெள்ளைத் துணிக்காகக் கடை கடையாக ஏறி இறங்கும் காலம் வரும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

பழசைப் புதுசாக்குவது எங்கள் வீடுகளுக்குப் புதிய பழக்கம் அன்று. அம்மம்மாவின் நூல்சீலை நைந்தால் அது குழந்தைக்கு ஏணைச்சீலையாகும், பிறகு அடுப்படியில் பிடிதுணியாகும், கடைசியில் விளக்குத் திரியாகும். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது கூட்டுறவுச் சங்கக் கடை வரிசையில் நின்று துணி வாங்கிய கதையை எங்கள் அம்மாமார் சொல்லுவார்கள். கல்லூரியிலும் மனையியல் பாடத்தில் நூலோடுதல், ஒட்டுப்போடுதல், தெறி தைத்தல் எல்லாம் முறையாகக் கற்பிக்கப்பட்டன. தையல் அறையில் கால் மெசின்கள் இருந்தன. மெசினுக்கு எண்ணெய் விடுவது எப்படி என்பது வரை அங்கேதான் பழகினோம். ஆனால் அதுவரை அது ஒரு பாடம். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடலாம்.

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் தொடங்கியது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. அரசாங்கம் விதித்த பொருளாதாரத் தடையால் எரிபொருள், பற்றறி, சீமெந்து, இரும்பு, உரம் போன்றவை வரமுடியாமற் போயின. சவர்க்காரம், நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி, துணி போன்றவை மிக அரிதாகி, கிடைத்தாலும் பல மடங்கு விலைக்கே கிடைத்தன. கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்து கொழும்புக்குப் போய் வருபவர்கள் கொண்டுவரும் பொதிதான் பல வீடுகளுக்குக் கடை. அந்தப் பொதியில் கொழும்பு உறவினர் உடுத்துக் கழித்த உடுப்புகளும் வரும். அவற்றை அவிழ்த்து, தையலைப் பிரித்து, அளவெடுத்து, எங்களுக்கேற்றபடி மறுபடி தைப்பது ஒரு வாரத்து வேலை.

இருட்டை முதலில் சமாளித்தது ஜாம் போத்தல். இளைய பழைய மாணவிகளுக்காக அது வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன். வெற்று ஜாம் போத்தலின் அடியில் சிறிது பஞ்சை வைத்து மண்ணெண்ணெயில் நனைப்போம். சைக்கிள் வால்வுக்கட்டை ஒன்றினூடாகப் பழந்துணித் திரியைச் செலுத்தி, ஒரு கம்பியால் அதைப் பஞ்சைத் தொடும்படி நிறுத்துவோம். சுடர் போத்தலின் உள்ளேயே எரிவதால் காற்றுக்கு அணையாது. எண்ணெய் பஞ்சில் ஊறியிருப்பதால் போத்தல் சரிந்தாலும் கொட்டாது. கொஞ்ச எண்ணெயில் நீண்ட நேரம் எரியும். சிக்கன விளக்கு என்று அதற்குப் பெயர். ஒரு விளக்கைச் சுற்றி நான்கு பிள்ளைகள் இருந்து படிப்போம். காலையில் மூக்கைத் துடைத்தால் கைலேஞ்சியில் கரி படியும். அந்தப் புகை சுவாசப்பைக்கு என்ன செய்திருக்கும் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று அடுத்த நாள் கணக்குப் பரீட்சை மட்டுமே தெரியும்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு வயர் கொடுத்து, இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை கேட்டோம். மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் உயிர் பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. உதயன் பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த நாள்களும் உண்டு. வாசித்து முடிந்ததும் அந்தத் தாள் கடையில் சரைகட்டப் போய்விடும்.

இவற்றை இயக்கச் சிறுவர்கள் போட்டி போட்டார்கள். ஆண்களும் பெருமையாகப் பேசினார்கள். ஆகவே இவை பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். துணியின் கதை அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. அது வீட்டுக்குள்ளே, பெண்களின் மடியில் நடந்தது.

பாடசாலைச் சீருடை வெள்ளை. அதுதான் சிக்கல். சாயம் போன சட்டையை வேறு எங்கும் போடலாம், வெள்ளைச் சட்டை வெள்ளையாக இருக்கவேண்டும். அக்காவின் சட்டை தங்கைக்கு வந்தது. நீளம் போதாமற் போனால் மடிப்பை அவிழ்த்து இறக்கினார்கள். பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு தெரியும். எத்தனை கோடு என்று பார்த்தால் அந்தச் சட்டையின் வயது தெரியும். கழுத்துப்பட்டை தேய்ந்தால் பிரித்து, உட்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்தார்கள். அப்பாவின் வேட்டியில் கரையை வெட்டி நீக்கினால் ஆண்டு ஆறுப் பிள்ளைக்கு ஒரு சட்டை வரும். இறப்பர் நாடா கிடைக்காதபோது சைக்கிள் ரியூப்பை மெல்லிய கீற்றாக வெட்டிப் பாவாடை இடுப்பில் கோத்தார்கள். வெயிலில் நிற்கும்போது அது இளகி ஒட்டும். உரப்பையைக் கழுவிக் காயவைத்துப் புத்தகப்பை தைத்தார்கள். தையல் நூல் முடிந்தபோது பழைய துணியின் ஓரத்திலிருந்து இழையை உருவிச் சுற்றிவைத்தார்கள்.

தோய்ப்பதற்குச் சவர்க்காரம் இல்லாதபோது பனை கைகொடுத்தது. பனம்பழத்தைப் பிசைந்த களியில் உடுப்பை ஊறவைத்து அடித்துத் தோய்த்தோம். பனங்களியில் சப்போனின் என்னும் நுரைக்கும் பொருள் இருப்பதைப் பிற்பாடு அறிந்தேன். அன்று நாங்கள் கண்டது வேறு. வெள்ளைச் சட்டை இலேசாக மஞ்சளாகும். கொடியில் காயப்போட்டால் பனம்பழ வாசத்துக்கு மாடு வந்து சட்டையைச் சப்பும். சப்பிய சட்டையுடன் வந்த பிள்ளையைப் பார்த்து வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அடுத்த வாரம் என் சட்டைக்கும் அதுவே நடந்தது.

இனிச் சொல்லப்போவது எந்த மலரிலும் இதுவரை எழுதப்படாதது. நாங்கள் எல்லோரும் சாமத்தியப்பட்டது அந்த ஆண்டுகளில்தான். கடையில் பெண்களுக்கான அணையாடை கிடைக்காது, கிடைத்தாலும் வாங்க வசதியில்லை. பழைய நூல்சீலையை நான்காக மடித்துப் பாவித்தோம். அதைத் தோய்த்து, யாரும் காணாதபடி வேறு துணியின் கீழ் மறைத்துக் காயவைத்தோம். சவர்க்காரம் இல்லை. மறைவில் காய்ந்த துணியில் ஈரம் போகாது. அரிப்பும் புண்ணும் வந்தவர்கள் அதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நன்றாகத் தோய்த்து நேர்வெயிலில் உலர்த்திய பருத்தித் துணி பாதுகாப்பானது என்று இன்று நான் இளம்பெண்களுக்குச் சொல்கிறேன். எங்களுக்கு அதைச் சொல்ல அன்று எவரும் இல்லை. வெயில் பருத்தித்துறையில் எப்போதும் இலவசம். வெட்கம்தான் அதைத் தடுத்தது.

நல்ல சீலை இருந்த வீட்டுப் பிள்ளைகள் சமாளித்தோம். என் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்த தோழிக்கு வீட்டில் கிழிப்பதற்குச் சீலை மிஞ்சவில்லை. ஒவ்வொரு மாதமும் நான்கைந்து நாள் வரமாட்டாள். "காய்ச்சல்" என்பாள். ஆண்டு ஒன்பதில் முழுதாக நின்றுவிட்டாள். நாங்கள் அவளுடைய கொப்பியைக் கேட்டோம், காரணத்தைக் கேட்கவில்லை.

அவள் நின்ற சில மாதங்களின் பின் தையல் ஆசிரியை ஒருவர், தையல் அறை அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கட் ரின் வைத்தார். பழைய சீலைகளையும் வேட்டிகளையும் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, அடுக்கி வைக்கப்பட்ட துணிகள் அதில் இருந்தன. "தேவையான பிள்ளைகள் எடுக்கலாம், திருப்பித் தர வேண்டாம், எனக்குச் சொல்லவும் வேண்டாம்" என்று ஒருமுறை மட்டும் சொன்னார். பிறகு அதைப் பற்றிப் பேசவேயில்லை. ரின் வெறுமையானதை நான் ஒருநாளும் காணவில்லை. ஓரம் மடித்த அந்தத் தையல் எங்கள் மனையியல் பாடத்தில் வரும் அதே தையல். அந்தத் துணிகளில் பாதியை எங்கள் வகுப்பே, எதற்கென்று தெரியாமல், செய்முறைப் பயிற்சியாகத் தைத்திருக்கிறது என்பது எனக்கு மிகப் பிந்தித்தான் விளங்கியது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் மழையில் நடந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தார்கள். எமது வகுப்பறைகளில் குடும்பங்கள் தங்கின. கைக்குழந்தைகளுக்கு மாற்றுடுப்பு இல்லை. பரிசளிப்பு விழாவுக்குக் கட்டும் மண்டபத் திரைச்சீலையை ஆசிரியைகள் இறக்கி வெட்டினார்கள். மெசினுக்கு முன்னால் முறை வைத்து இருந்து தைத்தோம். அடுத்த நாள் காலை, வளவு முழுக்க ஒரே நிறச் சட்டை போட்ட குழந்தைகள். 1996 மே மாதத்தில் வடமராட்சியும் இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. தடைக்காலத்தின் அந்த அத்தியாயம் எமக்கு முடிந்தது.

வன்னியில் முடியவில்லை. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போனவர்கள், உரப்பைகள் தீர்ந்தபோது, பட்டுச்சீலைகளைப் பைகளாகத் தைத்து மண் நிரப்பிப் பதுங்குகுழியின் மேல் அடுக்கினார்கள். நூல்சீலையைக் கிழிக்கும்போதும் பட்டைத் தொடாத எங்கள் அம்மாமாரை நினைத்தால், அந்தப் பைகளைத் தைத்த கைகள் எதையெல்லாம் விட்டுக்கொடுத்திருக்கும் என்பது தெரியும்.

லண்டனில் வாழும் எமது சகோதரிகள் அங்குள்ள நூதனசாலைகளில் ஒரு சிறு கையேட்டைக் கண்டிருக்கலாம். இரண்டாம் உலகப் போரின்போதும் அதன் பின்னும், 1941 முதல் 1949 வரை, பிரித்தானியாவில் உடுப்புகள் கூப்பனுக்கே கிடைத்தன. பழைய உடுப்பைத் திருத்தி அணிவது எப்படி என்று 1943இல் அந்த அரசாங்கமே படம் போட்டுக் கையேடு வெளியிட்டது. அது இன்று வரலாறாகப் பாதுகாக்கப்படுகிறது. எங்களுக்குத் துணியைத் தடுத்தது எங்கள் அரசாங்கம். கையேடு எழுத யாரும் இருக்கவில்லை. கையேடாக இருந்தவர்கள் அம்மாமாரும் அம்மம்மாமாரும் மனையியல் ஆசிரியைகளும்தான். அவர்கள் போனால் அதுவும் போய்விடும்.

இன்று பழைய உடுப்பைத் திருத்தி அணிவது உலகெங்கும் நாகரிகமாகப் பேசப்படுகிறது. நல்ல காரியம். ரொறன்ரோவில் இருக்கும் என் வகுப்புத் தோழியின் மகள் அம்மம்மாவின் சீலையில் சட்டை தைத்துப் போட்டுப் படம் அனுப்பினாள். அழகாக இருந்தது. ஆனால் தெரிந்தெடுத்துச் செய்வதும் வேறு வழியில்லாமற் செய்வதும் ஒன்றாகா. தடைக்காலத்தைப் பொற்காலமாக்கிப் பேசும் பேச்சு ஒன்றுகூடல்களில் கேட்கிறது. "அப்ப எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்று சொல்லும்போது, வராமல் நின்ற பிள்ளைகள் எங்கள் கணக்கில் இல்லை. 2022இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்து அணையாடை விலை ஏறியபோது, சிகிச்சைக்கு வந்த மாணவிகள் மறுபடி பழந்துணிக்கும் அதே மறைவுக் கொடிக்கும் திரும்பியிருந்ததைக் கண்டேன். முப்பது ஆண்டுகளின் பின்னும் அதே "காய்ச்சல்".

ஆகவே சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, தடைக்காலத்துப் பொருள்கள் யாரிடமாவது இருந்தால், ஒரு ஜாம் போத்தல் விளக்கோ கோடு விழுந்த சட்டையோ உரப்பைப் புத்தகப்பையோ, கல்லூரி நூலகத்தில் ஓர் அலுமாரியில் வைப்போம். செய்த விதத்தைச் செய்தவர்களே சொல்ல ஒலிப்பதிவு செய்வோம். அம்மாமாருக்கு எழுபதும் எண்பதும் ஆகிவிட்டது, பிந்தக்கூடாது. மற்றது, அந்தப் பிஸ்கட் ரின்னை மறுபடி நிரப்புவோம். தையல் ஆசிரியை இன்று இல்லை. ரின்னும் இல்லை. ஆனால் அலுமாரியின் கீழ்த்தட்டு அதே இடத்தில் இருப்பதைச் சென்ற ஆண்டு போய்ப் பார்த்தேன்.

இந்த மலர் பல நாடுகளுக்குப் போகும். ஆண்டு ஒன்பதில் நின்ற என் தோழியின் கையில் எங்கேயாவது கிடைக்குமானால், அவளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரீச்சர் அந்த ரின்னை உன்னை நினைத்துத்தான் வைத்தார். உன் பெயர் பழைய மாணவிகள் பதிவேட்டில் இல்லை என்றார்கள். ஆண்டு ஒன்பது வரை படித்தவளும் பழைய மாணவிதான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.