சிசிலிக் காய்ச்சலும் வைரஸ்களின் பெயரேடும்

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரில் பழைய ஊர் நான்கு பகுதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. அவற்றுள் ஒன்று அல்பெர்கேரியா. காய்கறி, மீன், மசாலா என்று கூவி விற்கும் பல்லாரோ சந்தை இங்கேதான் பல நூற்றாண்டுகளாக நடந்து வருகிறது. இரண்டாம் உலகப் போரில், 1943-ல், நேச நாடுகளின் விமானங்கள் வீசிய குண்டுகள் இப்பகுதியைச் சிதைத்தன. காசா ப்ரொஃபெஸ்ஸா என்ற புகழ்பெற்ற தேவாலயமும் தப்பவில்லை. அதே ஆண்டு ஜூலை 22-ல் அமெரிக்கப் படை பலெர்மோவுக்குள் நுழைந்தது.

நுழைந்த படையைக் காய்ச்சல் பிடித்தது.

கடும் தலைவலி, கண்வலி, உடல்வலி. மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும், சோர்வு மட்டும் நீடிக்கும். இத்தாலியர்களுக்கு இது பழகிய நோய். இதைப் பரப்பும் சின்னஞ்சிறு மணல் ஈயை அவர்கள் ‘பப்பதாச்சி’ என்பார்கள். சத்தமில்லாமல் தின்பது என்று பொருள். ரீங்காரமில்லாமல் வந்து கடித்துவிட்டுப் போவதால் அந்தப் பெயர். இயற்கையியலாளர் ஸ்கோபோலி 1786-ல் இந்த ஈக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது மக்கள் வாய்ச்சொல்லையே எடுத்துக்கொண்டார். இன்றும் அது ‘பாப்பட்டாசி’ என்றே நிற்கிறது. நோய்க்கு இந்த ஈயே காரணம் என்பதை ஹெர்சகோவினாவில் ஆஸ்திரிய மருத்துவர் டோர் 1908-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டியிருந்தார்.

பின்னாளில் போலியோ சொட்டு மருந்தால் உலகப் புகழ் பெற்ற ஆல்பர்ட் சாபின் அப்போது அமெரிக்க ராணுவத்துக்காக இந்தக் காய்ச்சலை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1943-ல் சிசிலியில் நோயுற்ற வீரர்களின் ரத்தத்திலிருந்து ஒரு வைரஸையும், அடுத்த ஆண்டு நேப்பிள்ஸில் இன்னொன்றையும் பிரித்தெடுத்தார். நோய்க்குறிகள் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் சிசிலி வைரஸ் தாக்கித் தேறியவர்களுக்கு நேப்பிள்ஸ் வைரஸிடமிருந்து பாதுகாப்பு கிடைக்கவில்லை. ஆகவே இரண்டும் வேறு என்று முடிவானது. மரபணு வரிசையைப் படிக்க வழியில்லாத காலத்தில் உடலின் எதிர்ப்பாற்றலே அளவுகோலாக இருந்தது. கிடைத்த ஊரே பெயரானது.

இப்படி ஆளுக்கொரு விதமாக வைத்த பெயர்களை ஒழுங்குபடுத்த 1966-ல் மாஸ்கோ மாநாட்டில் ஒரு பன்னாட்டுக் குழு பிறந்தது. இன்றைய பன்னாட்டு வைரஸ் வகைப்பாட்டுக் குழு அதுதான். மரபணுத் தரவு பெருகப் பெருக, குழு தன் ஏட்டைத் திருத்திக்கொண்டே வருகிறது. சிசிலி வைரஸ் முதலில் புன்யாவிரிடே குடும்பத்தில் இருந்தது. 2017-ல் அந்தக் குடும்பமே கலைக்கப்பட்டு, ஃபெனுயிவிரிடே என்ற புதுக் குடும்பம் அமைந்தது. அதில் சிசிலி வைரஸுக்கு வந்து சேர்ந்த உறவுகளில் ஒன்று, புகையான் பூச்சி பரப்பி நெற்பயிரைப் புல்போலக் குட்டையாக்கும் வைரஸ். மனிதக் காய்ச்சலும் வயல் நோயும் ஒரே குடும்பம் என்பதை மரபணு சொன்னது. நோய்க்குறியைப் பார்த்து எவரும் ஊகித்திருக்க முடியாது.

தமிழ்நாட்டுக்கும் இந்த ஏட்டில் இடமுண்டு. 1964-ல் வேலூரில் பிடிபட்ட ஒரு மூஞ்சூறிலிருந்து கிடைத்த வைரஸுக்கு அங்குள்ள தோட்டப்பாளையத்தின் பெயரையே வைத்தார்கள். பூச்சிகள் பரப்பும் வகையாக இருக்கலாம் என்றே முதலில் கருதினார்கள். பிறகுதான் அது ஹாண்டா வைரஸ் குழுவைச் சேர்ந்தது என்று தெளிந்தது. அந்தக் குழுவுக்குப் பெயர் தந்த கொரியாவின் ஹந்தான் வைரஸ் 1970-களில்தான் பிரித்தெடுக்கப்பட்டது. வேலூர் வைரஸ் அதற்கு மூத்தது. இன்று ‘தொட்டிம்வைரஸ்’ என்ற ஒரு பேரினத்தின் பெயரிலேயே தோட்டப்பாளையத்தின் முதல் எழுத்துகள் இருக்கின்றன.

மணல் ஈயோடு தொடர்புடைய இன்னொரு இந்திய வைரஸான சாந்திபுரா, 1965-ல் மகாராஷ்டிரத்தில் கண்டறியப்பட்டது. 2024-ல் குஜராத்தில் குழந்தைகளை அது தாக்கியதுபோன்ற நேரங்களில், மருத்துவர்கள் பழைய ஆய்வுகளைத் தேடி எடுக்க மாறாத பெயர் உதவும்.

இப்போது வைரஸ் இனங்களுக்கு, செடிகொடிகளுக்கு இருப்பதுபோல இரு சொற்பெயர் கட்டாயம். சிசிலி வைரஸ் சேர்ந்த இனத்தின் பெயர் ‘ஃப்ளெபோவைரஸ்’ என்று தொடங்குகிறது. இனத்துக்குத்தான் புதுப் பெயர். வைரஸின் பழைய பெயர் அப்படியே புழக்கத்தில் இருக்கலாம். இந்த நுட்பம் தவறினால் 1943-ன் ஆய்வுக்கும் இன்றைய மரபணுத் தரவுக்கும் இடையே பாலம் அறுந்துவிடும். அதனால்தான் பொதுத் தரவுத்தளங்களைப் பராமரிப்பவர்கள் ஒவ்வொரு பெயர்மாற்றத்தின் வரலாற்றையும் பதிந்து வைக்கிறார்கள். வகைப்பாட்டுக் குழுவின் பட்டியலில் 2024-ல் 14,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தன. அதற்காக உழைக்கும் விஞ்ஞானிகள் தன்னார்வலர்கள். பட்டியலை உலகில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் பார்க்கலாம்.

ஊர்ப்பெயர் பழிச்சொல்லாகிவிடக் கூடாது என்பதற்காக, புதிய நோய்களுக்கு இடப்பெயர் வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2015-ல் கேட்டுக்கொண்டது. அது நியாயம். ஏற்கெனவே ஏட்டில் ஏறிவிட்ட ஊர்களையோ நாம் பழியாகப் பார்க்க வேண்டியதில்லை. தோட்டப்பாளையம் என்ற பெயரை அந்த ஏட்டில் படிக்கும் வேலூர்ப் பிள்ளைகள், தங்கள் ஊரில் நடந்த ஒரு கண்டுபிடிப்பின் பதிவாகவே அதைக் கொள்ளலாம்.