கிறீட்மோர் 1874: வென்றது துவக்கா, ரவையா?

1874ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 26ஆம் திகதி, நியூயோர்க் நகருக்கு அருகே லோங் ஐலண்டில் உள்ள கிறீட்மோர் என்ற இடத்தில் ஒரு துப்பாக்கிச் சுடும் போட்டி நடைபெற்றது. அயர்லாந்து அணியில் ஆறு பேர், அமெரிக்க அணியில் ஆறு பேர். 800, 900, 1000 யார் ஆகிய மூன்று தூரங்களிலிருந்தும் ஒவ்வொருவரும் தலா 15 தடவை சுட்டனர். முடிவில் அமெரிக்கர்களுக்கு 934 புள்ளிகள், ஐரிஷ்காரர்களுக்கு 931 புள்ளிகள்.

இந்த மூன்று புள்ளி வித்தியாசம் பின்னாளில் ஒரு தீர்ப்பாகவே எழுதப்பட்டுவிட்டது. ஐரிஷ்காரர்கள் டப்ளின் நகரத்து ஜோன் றிக்பியின் துவக்குகளால் சுட்டனர். அவை குழலின் வாய்வழியே மருந்தும் சன்னமும் இட்டு நிரப்பப்படுபவை. றிக்பியும் அந்த அணியில் ஒருவராகச் சுட்டார். அமெரிக்கர்களின் கைகளில் இருந்தவையோ றெமிங்டன், ஷார்ப்ஸ் நிறுவனங்கள் புதிதாகச் செய்த, பின்புறத்தால் ரவை செலுத்தும் துவக்குகள். ஆகவே புதிய முறை பழைய முறையை வென்றது என்பதுதான் அத்தீர்ப்பு. அது அவசரத் தீர்ப்பு என்பது எனது அபிப்பிராயம்.

வாய்வழி நிரப்பும் துவக்கு எமது வாசகர்களுக்குப் புதியதல்ல. வன்னியில் அதை 'இடியன்' என்பார்கள். மருந்தைக் கொட்டி, தும்போ துணியோ வைத்துக் கோலால் இடித்து, சன்னத்தை இட்டு மறுபடியும் இடிக்க வேண்டியிருப்பதால் வந்த பெயர். பன்றிக்கும் மரைக்கும் காவலிருப்பவனுக்கு மருந்து ஒரு சிட்டிகை கூடினாலும் குறைந்தாலும் பெரிய நட்டமில்லை. 1000 யார் தொலைவிலிருந்து இலக்கைச் சுடுபவனுக்கு அந்தச் சிட்டிகைதான் எல்லாம். கிறீட்மோர் காலத்துச் சுடுநர்கள் கருமருந்தை ஒவ்வொரு வெடிக்கும் அளந்து வைத்தனர். ஈயத்துடன் சிறிதளவு வெள்ளீயம் கலந்து உருக்கி, அச்சில் வார்த்து, ஒவ்வொரு சன்னத்தையும் தராசில் நிறுத்து, எடை பிசகியவற்றைத் திரும்பவும் உருக்கும் பாத்திரத்தில் போட்டனர். தேறியவற்றை மெல்லிய கடதாசியால் சுற்றினர். கருமருந்து எரிந்ததும் குழலினுள் படியும் கரி அடுத்த சன்னத்தின் போக்கைக் கெடுத்துவிடும் என்பதால், ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையே குழலைத் துடைக்கும் வழக்கமும் இருந்தது.

போட்டி நடந்த விதத்தைப் பார்ப்போம். 1873ஆம் ஆண்டில் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து அணிகளை வென்று எல்கோ கேடயத்தைக் கைப்பற்றிய ஐரிஷ்காரர்கள், மேஜர் லீச் என்பவரின் பெயரில் நியூயோர்க் ஹெரால்ட் பத்திரிகை மூலம் அமெரிக்கச் சுடுநர்களுக்குச் சவால் விடுத்தனர். அந்நாட்டின் தேசிய றைபிள் சங்கத்துக்கு அப்போது வயது இரண்டு. கிறீட்மோர் திடலோ அவ்வாண்டில்தான் திறக்கப்பட்டிருந்தது. 1000 யார் சுடக்கூடிய துவக்கே அமெரிக்கச் சுடுநர்களிடம் இருக்கவில்லை. சவாலை ஏற்ற பின்னர்தான் இரு நிறுவனங்களும் அவற்றைச் செய்யத் தொடங்கின.

போட்டியின்போது ஐரிஷ் வீரர் மில்னர் சுட்ட ஒரு குண்டு நடுப்புள்ளியில் சரியாகப் பாய்ந்தது. ஆனால் அது அவருக்குரிய இலக்கல்ல, பக்கத்து இலக்கு. நான்கு புள்ளிகள் கிடைக்க வேண்டிய இடத்தில் பூச்சியம். கடைசிக் கட்டத்தில் ஐரிஷ்காரர்கள் 931 என முடித்திருக்க, அமெரிக்கர்கள் 930இல் நின்றனர். எஞ்சியிருந்தது கேணல் ஜோன் போடைனின் ஒரு வெடி மட்டுமே. சற்று முன்னர் அவரது கையில் ஒரு ஜிஞ்சர் பியர் போத்தல் வெடித்து உள்ளங்கையைக் கிழித்திருந்தது. இரத்தம் கசிந்த கையைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு படுத்துச் சுட்டார். நடுப்புள்ளி. நான்கு.

பத்திரிகைக்காரனுக்கு இதைவிட நல்ல முடிவு வாய்க்காது. போத்தலையும் கைக்குட்டையையும் தாண்டிப் பலர் புள்ளி அட்டவணையைப் பார்க்காததற்கு அதுவே காரணமாயிருக்கலாம். 800 யாரில் அமெரிக்கர்கள் 326, ஐரிஷ்காரர்கள் 317. 900 யாரில் அமெரிக்கர்கள் 310, ஐரிஷ்காரர்கள் 312. 1000 யாரில் அமெரிக்கர்கள் 298, ஐரிஷ்காரர்கள் 302. தூரம் கூடக்கூட முந்தியது, தோற்றதாகச் சொல்லப்படும் 'இடியன்' தான்! மில்னரின் அந்த நான்கு புள்ளிகள் சேர்ந்திருந்தால் அயர்லாந்து 935 பெற்று ஒரு புள்ளியால் வென்றிருக்கும். எதிர்மாறான தீர்ப்பை நாம் படித்துக்கொண்டிருப்போம். மறு ஆண்டு ஜூன் மாதம் டப்ளின் டொலிமவுண்டில் நடந்த போட்டியில் அமெரிக்கர்கள் 967க்கு 929 என்று வென்றது உண்மை. ஆனால் 1874இன் அட்டவணை சொல்வது வேறு. கையால் நிறுத்து, கையால் வார்த்து, ஒன்றுபோல் செய்யப்பட்ட ரவை எந்த வழியால் உள்ளே போனாலும் ஏறத்தாழ ஒரே இடத்துக்குத்தான் போகிறது என்பதே அது.

இரு வழிகளையும் ஒருசேரப் பயன்படுத்தியவர்களும் உண்டு. அவர்களுள் தலைசிறந்தவர் ஹரி போப். 1861இல் பிறந்தவர், குழல் கடைவதில் அமெரிக்கா கண்ட பெரும் கைவினைஞர். சான் பிரான்சிஸ்கோவில் பட்டறை தொடங்கிய கையோடு 1906ஆம் ஆண்டு ஏப்ரல் நிலநடுக்கத்திலும் தீயிலும் அனைத்தையும் இழந்து, கிழக்கே திரும்பி ஜேர்சி சிற்றியில் முதுமை வரை குழல் கடைந்தார். அவரது முறையில் மருந்து நிரப்பிய கோது பின்புறத்தால் போகும். சன்னமோ வாய்ப்புறத்தில் பொருத்தும் ஒரு துணை வாயின் ஊடாக நேராக உள்ளே தள்ளப்படும். இவ்வகைச் சுடுநர்கள் பலர் ஒரு போட்டி முழுவதற்கும் ஒரேயொரு கோதைத்தான் பாவித்தனர். சுட்டதும் அதைக் கழற்றி, புதிய தீமூட்டியும் மருந்தும் இட்டு, மறுபடியும் அதையே செலுத்துவர். இரண்டு கோதுகள் இருந்தால்தானே அவற்றிடையே வித்தியாசம் இருக்கும்! 1901ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் திகதி கொலராடோவின் போல்டரில் றோலண்ட் என்பவர் போப் குழலால் 200 யாரில் சுட்ட பத்துக் குண்டுகள் 0.725 அங்குலத்துக்குள் அடங்கின. கருமருந்தின் பிள்ளைகள் எட்டிய உயரம் அது.

'ஏன்' என்று கேட்டவர் ஒரு வைத்தியர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டொக்டர் பிராங்ளின் மான் (1856-1916) வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு, கோழித் தீவனத்துக்கு எலும்பு வெட்டும் யந்திரம் ஒன்றைச் செய்து விற்றுப் பணம் சேர்த்தவர். அந்தப் பணத்தைத் தோட்டாக்களின் போக்கை ஆராய்வதிலேயே செலவிட்டார். முதலில் மனிதனை அப்புறப்படுத்தினார். நிலத்தில் சீமெந்துத் தூண் எழுப்பி, அதன்மேல் ஆங்கில 'வி' வடிவத் தாங்கியில் குழலை மட்டும் கிடத்திச் சுட்டார். வழிநெடுகிலும் கடதாசித் திரைகளைத் தொங்கவிட்டு, சன்னம் துளைத்துச் சென்ற ஓட்டைகளைக் கொண்டு அதன் பயணத்தை வரைந்தார்.

அவர் செய்தவற்றுள் என்னைக் கவர்ந்தது வேண்டுமென்றே சன்னங்களைச் சிதைத்த பரிசோதனை. சிலவற்றின் மூக்கைக் கெடுத்தார், சிலவற்றின் அடியைக் கெடுத்தார். காற்றைக் கிழித்துப் போவது மூக்கு என்பதால் அதிலுள்ள பழுதே வழிதவறச் செய்யும் என்றுதான் எவரும் எண்ணுவர். நடந்தது மறுதலை. மூக்குக் கெட்டவை பெரிதும் விலகவில்லை. அடி கெட்டவையே சிதறின. குழல் வாயை விட்டு வெளியேறும் கணத்தில் பின்னாலிருந்து தள்ளும் வாயு அடிப்பாகத்தைச் சமமாகத் தள்ளாவிட்டால் சன்னம் தள்ளாடுகிறது. எடை ஒருபுறம் சாய்ந்திருந்தாலும், புரிகளுக்குள் சரிந்து நுழைந்தாலும் விளைவு அதுவே. இவற்றை 1909இல் ஒரு நூலாக வெளியிட்டார். கையால் ரவை நிரப்புவோர் கோதின் கழுத்தையும் சன்னத்தின் நேர்மையையும் இன்றும் அளப்பதற்கான நியாயம் அந்நூலில் இருக்கிறது.

இந்த ஒருமைப்பாட்டுக்கு மறுபக்கமும் உண்டு. கையால் நிரப்புபவனின் ரவை அவனது துவக்குக்கு மட்டுமே அளந்து தைத்த சட்டை. வசதியும் நேரமும் உள்ளவனே அதை அணியலாம். பிரித்தானியாவின் பிஸ்லி திடலில் இலக்குத் துப்பாக்கிப் போட்டிகளுக்கு அனைவருக்கும் ஒரே தொகுதி ரவைகளை வழங்கும் மரபு இதனால்தான் முக்கியத்துவம் பெறுகிறது. அங்கு ரவை சற்று மட்டமானதாக இருக்கலாம், ஆனால் எல்லோருக்கும் மட்டமானது. விளையாட்டு என்ற வகையில் எனது வாக்கு பிஸ்லிக்கே.

கிறீட்மோர் திடல் பின்னர் நியூயோர்க் மாநிலத்திடம் சென்றது. அங்கு 1912இல் மனநல மருத்துவமனை அமைந்தது. ஆனால் பெயர் மறையவில்லை. 2007ஆம் ஆண்டளவில் ஹோர்னடி நிறுவனம் 6.5 கிறீட்மோர் என்ற ரவையை வெளியிட்டது. இலக்குச் சுடுநர்கள் வீட்டு மேசையில் நிறுத்து நிரப்புவதற்கு ஈடான துல்லியத்தைக் கடையில் வாங்கும் பெட்டியிலேயே தருவது அதன் நோக்கம். ஆரம்பகாலப் பெட்டிகளில் எந்த மருந்து, எவ்வளவு என்ற விபரத்தையும் அச்சிட்டிருந்தனர், விரும்பியவர் தாமே அதைச் செய்துகொள்ளட்டும் என்று. தொழிற்சாலை தனது சமையற்குறிப்பைப் பகிரங்கப்படுத்தியது துப்பாக்கி வணிகத்தில் அபூர்வம்.

சன்னம் என்ற சொல்லைக் கேட்டாலே வேறு காட்சிகள் மனதில் எழும் ஒரு நாட்டிலிருந்து எழுதுகிறேன். ஆகையால் இதையும் பதிவு செய்ய வேண்டும். கடதாசி இலக்குகளுக்காகப் பிறந்த அதே 6.5 கிறீட்மோரை, 2018ஆம் ஆண்டளவில் அமெரிக்க விசேட படைகளின் தலைமையகம் தனது குறிசூட்டுத் துப்பாக்கிகளுக்காகத் தேர்ந்தெடுத்துக்கொண்டது.