கரியும் கண்ணீரும்

விளக்கு எரிகிறது, நாம் படிக்கிறோம். எந்திரம் சுழல்கிறது, நாம் உடுத்துகிறோம். எரிவது எது, அதற்கு விலை கொடுத்தவர் யார் என்று எண்ணிப் பார்க்கிறோமா? எண்ணிப் பார்த்தவர்களால்தான் உலகம் திருந்திற்று. சான்று வேண்டுவோர் பிரிட்டனின் நிலக்கரி வரலாற்றைப் பார்க்கட்டும்.

1712ஆம் ஆண்டு தாமஸ் நியூகோமன் அமைத்த நீராவி எந்திரம் சுரங்கத்தில் தேங்கிய நீரை இறைத்தது. குழி ஆழமாயிற்று, கரி குவிந்தது, பின்னர் ஆலைகள் எழுந்தன, ரயில் ஓடிற்று. மனிதத் தோளின் சுமையை எந்திரம் ஏற்றுக்கொண்டது என்றனர். எவருடைய தோள்? மண்ணுக்கடியில், கும்மிருட்டில், காற்றுக் கதவைத் திறந்து மூட ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் அமர்த்தப்பட்டனரே! இடுப்பிலே சங்கிலி பூட்டிப் பெண்கள் கரிவண்டி இழுத்தனரே!

1838இல் யார்க்‌ஷயரின் ஹஸ்கர் சுரங்கத்தில் மழைவெள்ளம் புகுந்து 26 சிறுவர் சிறுமியர் மாண்டனர். அவர்களுக்கு எழுப்பிய நினைவுச்சின்னம், இடியையும் மழையையும் ஆண்டவன் அனுப்பியதாகப் பேசுகிறது. மழையை அனுப்பியவன் ஆண்டவனாகவே இருக்கட்டும். குழந்தையைக் குழிக்குள் அனுப்பியவன் யார்? அந்தக் கேள்வியை விசாரணைக் குழு கேட்டது. 1842இல் சட்டம் பிறந்தது. பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரும் சுரங்கத்துக்குள் வேலை செய்வது தடுக்கப்பட்டது. விதி மாறவில்லை, சட்டம் மாறிற்று!

குழிக்குள் இருந்த கேடு பின்னர் வானத்துக்கும் ஏறிற்று. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை கரிப்புகையும் மூடுபனியும் கலந்து லண்டனை மூடின. 4,000 பேர் மாண்டதாக அன்று கணக்கிட்டனர். 12,000 வரை இருக்கலாம் என்பது பிற்கால ஆய்வு. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது.

சுரங்கங்கள் 1947இல் அரசுடைமையாயின. கேடு தீர்ந்ததா? 1966இல் வேல்ஸ் நாட்டு அபர்ஃபானில் சுரங்கக் கழிவுமேடு சரிந்து பள்ளியை மூடிற்று. இறந்தோர் 144 பேர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். குற்றம் தேசிய நிலக்கரி வாரியத்தினுடையது என்று 1967இல் விசாரணை மன்றம் கூறிற்று. உடைமை மாறினால் மட்டும் போதாது, பொறுப்பும் வேண்டும் என்பதே அதன் பாடம்.

2024 செப்டம்பர் 30இல் பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் மூடப்பட்டது. ஆனால் எழுந்த கரியமிலவாயு திரும்பி வந்து குழிக்குள் படுத்துவிடவில்லை. அது மிகுந்தால் புவி சூடேறும் என்று ஸ்வீடன் அறிஞர் அர்ரீனியஸ் 1896இலேயே கணக்கிட்டார். கரி தந்த சுகத்தில் பங்கு பெறாத மக்களும் இன்று அதன் வெப்பத்தில் பங்கு பெறுகின்றனர்.

நாளை கதிரவன் வரலாம், காற்று வரலாம், அணு வரலாம். எது வந்தாலும் நாம் கேட்கவேண்டியது ஒன்றே: ஒளி யாருக்கு? அதன் விலை யார் தலையில்?