இருட்டறையில் எண்ணியவர்கள்

கேம்பிரிட்ஜில், ஜே.ஜே. தாம்சனோடு தொடங்குவோம். 1897-இல் எலக்ட்ரானைக் கண்டறிந்த அவர், 1904-இல் அணுவுக்கு ஓர் உருவமும் கொடுத்தார். நேர்மின்சுமை உருண்டை முழுக்கப் பரவிக் கிடக்கிறது, எலக்ட்ரான்கள் அதற்குள் பதிந்திருக்கின்றன என்றார். நம் பள்ளிப் பாடத்தில் தர்பூசணியும் விதையுமாக வருவது இந்த அணுதான். அது உடைந்த கதைக்கு மான்செஸ்டர் போக வேண்டும்.

1907-இல் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்து சேர்ந்தார் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டு. நியூசிலாந்துக்காரர். ஹான்ஸ் கெய்கர் என்ற ஜெர்மானிய இளைஞர் அவருக்கு முன்பே அங்கே உதவியாளராக இருந்தார். ஆய்வுக்கு வேண்டிய ரேடியத்தை வியன்னா அறிவியல் கழகம் கடனாக அனுப்பிவைத்தது.

ரேடியத்திலிருந்தும் அதன் வழிவந்த தனிமங்களிலிருந்தும் பாய்ந்து வரும் ஆல்பா துகள், எலக்ட்ரானைவிட ஏழாயிரம் மடங்குக்கும் மேல் கனமானது. அதன் வேகம் நொடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர். துத்தநாக சல்பைடு பூசிய திரையில் அது மோதினால், மோதிய இடத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் மின்னி மறையும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து அந்தப் பொட்டுகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும்.

அந்த வேலையின் கடுமையை பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. எண்ணுபவர் முதலில் முழு இருட்டில் வெகுநேரம் உட்கார்ந்து கண்ணைப் பழக்க வேண்டும். நிமிடத்துக்குத் தொண்ணூறு பொட்டுக்கு மேல் போனால் கண் தவறவிடும். ஐந்துக்குக் கீழே போனால் கணக்கை நம்ப முடியாது. கெய்கர் இதில் அசுரர், இரவு முழுக்க விட்டுவிட்டு எண்ணினாலும் நிதானம் இழக்கமாட்டார் என்று ரதர்ஃபோர்டு 1908-இல் நண்பர் ஒருவருக்கு எழுதினார். தான் இரண்டே நிமிடத்தில் திட்டிக்கொண்டே எழுந்துவிட்டதையும் அதே கடிதத்தில் சொல்லியிருக்கிறார்.

எர்னஸ்ட் மார்ஸ்டன் இந்த இருட்டறைக்குள் நுழைந்தபோது அவருக்கு இருபது வயது. லங்காஷயர் நெசவாளி ஒருவரின் மகன், இன்னும் பட்டம்கூட வாங்காத மாணவர். பையனுக்குச் சின்னதாக ஓர் ஆய்வு கொடுக்கலாமே என்றார் கெய்கர். உலோகத்தில் பட்டு ஆல்பா துகள் பெரிய கோணத்தில் திரும்புகிறதா, பார்க்கச் சொல்லுங்கள் என்றார் ரதர்ஃபோர்டு. திரும்பும் என்ற நம்பிக்கை அவருக்கே இல்லை. தாம்சனின் அணுவில் மின்சுமை பரவிக் கிடப்பதால், இத்தனை கனத்தோடும் வேகத்தோடும் வரும் துகளைத் தடுத்துத் திருப்பும் வலு எந்த இடத்திலும் கிடையாது.

ஏற்பாடு எளிமையானது. ஆல்பா துகள் வீசும் மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்று. அதற்கும் திரைக்கும் நடுவே, நேராக எதுவும் போய்விடாதபடி காரீயத் தகடு. உலோகத்தில் பட்டுத் திரும்பி வந்தால் மட்டுமே திரையில் பொட்டு தெரியும்.

தெரிந்தது. காரீயம், தங்கம், பிளாட்டினம், தகரம், வெள்ளி, செம்பு, இரும்பு, அலுமினியம் என்று மாற்றிமாற்றி வைத்துப் பார்த்தார்கள். அணு எடை கூடக் கூடத் திரும்புவதும் கூடியது. பிளாட்டினத்தில் ஏறக்குறைய 8,000 துகளுக்கு ஒன்று திரும்பியது. 1909-இல் வெளியான அந்தக் கட்டுரையில் இருந்தவை கெய்கர், மார்ஸ்டன் என்ற இரண்டு பெயர்கள் மட்டுமே. ரதர்ஃபோர்டு தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

ரதர்ஃபோர்டுக்கு விடை உடனே கிடைத்துவிடவில்லை. ஒன்றரை ஆண்டுக்கும் மேல் அந்த எண்கள் அவரை அரித்துக்கொண்டிருந்தன. பல சிறு விலகல்கள் சேர்ந்து ஒரு பெரிய திருப்பமாகியிருக்குமா என்று கணக்குப் போட்டார். அதற்கான வாய்ப்பு இல்லையென்றே சொல்லுமளவுக்குக் குறைவு. அப்படியானால் ஒரே மோதலில் திரும்பியிருக்க வேண்டும். அதற்கு அணுவின் மின்சுமையும் கிட்டத்தட்ட அதன் எடை முழுவதும் நடுவில் மிகச் சிறிய இடத்தில் குவிந்திருக்க வேண்டும். அந்த இடம் அணுவின் குறுக்களவில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இராது. மீதியெல்லாம் எலக்ட்ரான்கள் உலவும் வெற்றிடம். ஒரு நாள் கெய்கரின் அறைக்குள் உற்சாகமாக நுழைந்த ரதர்ஃபோர்டு, அணு எப்படியிருக்கும் என்று தெரிந்துவிட்டது என்றார். கெய்கர் அன்றைக்கே சோதனையைத் தொடங்கிவிட்டார்.

1911 மே மாதம் வெளியான கட்டுரையில் ரதர்ஃபோர்டு காட்டிய நிதானம் எனக்கு மிகவும் பிடித்தது. நடுவிலுள்ள மின்சுமை நேரா எதிரா என்பதை அந்தச் சோதனை காட்டவில்லை. அதை மறைக்காமல் எழுதினார். சனிக்கோளும் வளையமும் போன்ற அணுவை 1904-இலேயே முன்வைத்த ஜப்பானியர் நாகவோகாவையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்.

அறிவியல் உலகம் இதைக் கொண்டாடியதா? இல்லை. அந்த ஆண்டின் இறுதியில் பெரும் அறிஞர்கள் பிரஸ்ஸல்ஸில் கூடினார்கள். ரதர்ஃபோர்டும் அங்கே இருந்தார். ஆனால் அவருடைய அணு விவாதத்துக்கே வரவில்லை. கெய்கரும் மார்ஸ்டனும் மறுபடி இருட்டில் உட்கார்ந்தார்கள். கோணத்தை மாற்றி, தகட்டின் தடிமனை மாற்றி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொட்டுகளை எண்ணினார்கள். 1913-இல் வந்த முடிவு ரதர்ஃபோர்டின் சூத்திரத்தோடு பொருந்தியது. அணுக்கரு என்பது ஊகம் என்ற நிலையிலிருந்து உண்மை என்ற நிலைக்கு ஏறியது அந்த எண்ணிக்கையால்தான் என்பேன்.

அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. கெய்கர் ஜெர்மன் பீரங்கிப் படைக்குப் போனார். மார்ஸ்டன் எதிரணியில், பிரான்ஸ் போர்முனையில் பணியாற்றினார். வியன்னாவின் ரேடியம் எதிரி நாட்டுச் சொத்தாகிவிட்டது. அதைப் பறித்துக்கொள்வதை ரதர்ஃபோர்டு ஏற்கவில்லை. போருக்குப் பின் வறுமையில் கிடந்த வியன்னா நிறுவனத்துக்கு அதன் விலையைக் கொடுக்க ஏற்பாடு செய்தார்.

தங்கத் தகடு சோதனையை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ரதர்ஃபோர்டின் பெயருக்குப் பக்கத்தில் கெய்கர், மார்ஸ்டன் பெயர்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். ரதர்ஃபோர்டே அந்த இருவருக்கும் உரிய இடத்தை விட்டுக்கொடுத்திருந்தார்.