கிழவர் ஏற்றுமதி

காரையும் ரேடியோவையும் உலகெங்கும் அனுப்பிய ஜப்பான், 1986-இல் தன் கிழவர்களையும் கடல் தாண்டி அனுப்ப யோசித்தது. நான் கட்டிய கதையல்ல, சரித்திரம்.

சர்வதேச வாணிப, கைத்தொழில் இலாகா வகுத்த அத்திட்டத்துக்கு 'சில்வர் கொலம்பியா 92' என்று பெயர். 'சில்வர்' நரைத்த தலைக்கு; மீதி, கொலம்பஸின் 1492-ஆம் ஆண்டு யாத்திரைக்கு 1992-இல் 500 ஆண்டு நிறைவதற்கு. அப்போது டோக்கியோவில் மனை விலை ஏறிக்கொண்டே போயிற்று. 1985-க்குப் பின் யென்னுக்கோ வெளிநாட்டில் மவுசு. உள்ளூரில் ஒண்டுக்குடித்தனத்துக்கே பற்றாத பென்ஷனில், ஸ்பெயினில் தோட்டமும் துரவுமாக வாழலாமே! கணக்கு சரிதான்.

ஆனால், சரக்கு போதாதென்று பெரியவர்களையுமா ஏற்றுமதி செய்வது என்று உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கண்டனம் எழுந்தது. திட்டம் அந்த உருவில் நிலைக்கவில்லை. 1992-இல் தோன்றிய 'லாங் ஸ்டே' ஸ்தாபனம் குடியேறச் சொல்லவில்லை. சில காலம் தங்கிவிட்டு வீடு திரும்பும் வாழ்க்கையையே பரப்பியது.

அந்தத் திருத்தத்தில்தான் விவேகம் இருப்பதாக எனக்குப் படுகிறது. வீட்டு விலையில் மிச்சம் பிடிக்கலாம். நடுநிசியில் நெஞ்சு வலித்தால், எந்தப் பாஷையில் யாரைக் கூப்பிடுவது?