யூரர் பட்டியலும் இன சமத்துவமின்மையும்: திருகோணமலை மாவட்ட வழக்குகள் சில பற்றிய நோக்கு

திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துக் கடலோரமாக அமைந்த சிற்றூர் சல்லி. மீன்பிடியாலும் முத்துமாரியம்மன் கோயிலாலும் அறியப்படுவது. இவ்வூரவர் ஒருவருக்கு வழக்கு நேரின், அவர் செல்லவேண்டிய நீதிமன்றம் சில கிலோமீற்றர் தொலைவில் நகரிலேயே உண்டு. வடக்குக் கிழக்கு மாகாணங்களின் நீதிமன்றங்களில் தமிழ் வழங்குவதற்கு 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பும் 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது திருத்தமும் இடமளித்துள்ளன. நீதிமன்றம் அண்மையில் இருத்தலும் அது தன் மொழியிற் பேசுதலும் சாதாரண மனிதனுக்குச் சிறிய நன்மைகள் அல்ல. இவ்விரண்டும் எவ்வகை வழக்குகளில் இல்லாதொழிகின்றன, யாருக்கு இல்லாதொழிகின்றன என்பதையே இக்கட்டுரையில் நாம் நோக்க விழைகின்றோம்.

நீதித்துறையில் இன சமத்துவமின்மை பற்றிப் பேசுவோர் வெலிக்கடையை முதலிற் குறிப்பிடுவர். 1983 யூலை 25 ஆம், 27 ஆம் திகதிகளில் அச்சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டமை மறக்கத்தக்கதன்று. ஆயினும் வன்செயல் வெடிக்கும் நாள்களை மட்டும் நோக்கின், அமைதியான நாள்களில் நடவடிக்கைமுறை விதிகள் ஆற்றும் பணி கண்ணுக்குத் தப்பிவிடும். சட்டப் புத்தகத்தில் எவ்வினத்தின் பெயரையும் சொல்லாத விதியொன்று, நடைமுறையில் ஓரினத்துக்குக் கேடயமாகவும் மற்றோரினத்துக்குச் சுவராகவும் அமைதல் கூடும். யூரர் அல்லது ஜூரி எனப்படுவோரைத் தெரியும் முறை அத்தகையது.

இலங்கையில் யூரர் விசாரணையின் வரலாறு 1811 இல் தொடங்குகின்றது. அக்காலத்துப் பிரதம நீதியரசர் சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன், குற்றஞ்சாட்டப்பட்டவனைத் தன் நாட்டவரே தீர்க்கவேண்டுமெனக் கருதினார். அந்நிய ஆட்சியின் நீதிபதிக்கு முன்னே தனித்து நிற்கும் சுதேசிக்குத் தன்னவர் சிலர் துணையாகட்டும் என்பதே அதன் உட்கருத்து எனலாம். (ஆட்சியாளரின் தாராள சிந்தை பற்றி இங்கு மிகைப்படுத்த வேண்டியதில்லை. சுதேசிகளின் நம்பிக்கை பேரரசுக்கும் தேவைப்பட்டது.) பின்னர் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்திலே யூரர் பட்டியல்கள் ஆங்கிலம், சிங்களம், தமிழ் என மொழிவாரியாக வகுக்கப்பட்டன. நீதிமன்றம் வேறுவிதமாகப் பணித்தாலன்றி, எப்பட்டியலிலிருந்து யூரர் தெரியப்பட வேண்டுமெனக் கூறும் உரிமை எதிரிக்கே உரியதாயிற்று. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டமும் இம்மரபைத் தொடர்ந்தது.

இவ்வுரிமையின் நியாயம் தெளிவானது. எதிரியே வலுக்குறைந்தவன், அவனுக்கு எதிரே அரசு முழுவதும் நிற்கின்றது, ஆதலால் தெரிவு அவனுக்கு. ஆனால் எதிரிக்கூட்டில் நிற்பவன் அரசின் சிப்பாயாகவும், இறந்தவர் அரசு ஐயத்துடன் நோக்கும் சிறுபான்மையினராகவும் இருப்பின், இந்நியாயம் தலைகீழாகின்றது. அப்போதும் தெரிவு எதிரிக்கே.

1996 பெப்ரவரி 11 ஆம் திகதி, கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே கிளிவெட்டியை அடுத்த குமாரபுரம் என்னும் தமிழ்க் கிராமத்திற் படையினர் புகுந்து, பெண்களும் சிறுவர்களும் உட்பட 24 பேரைக் கொன்றனர். உயிர் தப்பிய கிராமத்தவர் அடையாள அணிவகுப்பிலே படையினரை இனங்காட்டினர். இலங்கையின் இத்தகைய சம்பவங்களிற் பெரும்பாலானவை அந்த அளவுக்கே வருவதில்லை என்பதால், இதனை அக்கிராமத்தவரின் துணிவுக்குச் சான்றாகவே கொள்ளல் வேண்டும். வழக்கோ திருகோணமலையிலிருந்து அநுராதபுர மேல் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, சம்பவம் நிகழ்ந்து 20 ஆண்டுகளின் பின்னரே அங்கு விளங்கப்பட்டது. சிங்களம் பேசும் யூரர் குழுவின் முன் நடந்த விசாரணையின் முடிவில், 2016 யூலை 27 ஆம் திகதி, கோப்ரல் தரத்தைச் சேர்ந்த அறுவரும் விடுதலையாயினர்.

அந்த யூரர்மாரின் மனச்சாட்சியை விசாரிக்க நாம் முற்படவில்லை. எனினும் விசாரணையின் அமைப்பை நோக்குக. நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவு. சாட்சிகள் அஞ்சத்தக்க சூழல். தமிழிற் கூறப்பட்ட சாட்சியம் மொழிபெயர்ப்பாளரின் வாய்வழியே தீர்ப்போரை அடைந்தமை. தாயொருத்தி தன் பிள்ளையின் மரணத்தைக் கூறுகையிற் குரல் எவ்விடத்தில் தடைப்பட்டது என்பதை மொழிபெயர்ப்பு எடுத்துச்செல்வதில்லை. சாட்சியின் மெய்ம்மையை நேரிற் கேட்டு எடைபோடுதலே யூரரின் பணியெனின், அப்பணிக்கு வேண்டிய செவி அங்கு இல்லை.

இது தனித்த நிகழ்ச்சியுமன்று. மட்டக்களப்பு மாவட்டத்து மயிலந்தனையில் 1992 ஓகஸ்ட் 9 ஆம் திகதி முப்பதுக்கும் மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்ட வழக்கும் மட்டக்களப்பிலிருந்து நகர்ந்து நகர்ந்து கொழும்பை அடைந்தது. அங்கும் 2002 நவம்பரில் யூரர் குழு படையினரை விடுவித்தது.

மொழிப்பட்டியலை இனப்பட்டியல் என்றே கொள்ளலாகாது என ஒருவர் தடை கூறலாம். தமிழ் பேசும் யூரரில் முஸ்லிம்களும் அடங்குவர் என்பது உண்மையே. 1981 இல் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகியோர் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராக வாழ்ந்த திருகோணமலை மாவட்டத்திலே அது பொருளற்ற வேறுபாடன்று. ஆயினும் அநுராதபுரத்திற் சிங்களப் பட்டியலைக் கோரும்போது விளைவு என்னவென்பதை எவரும் முன்கூட்டியே அறிவர்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. கறுப்பினத்தவரை யூரராவதிலிருந்து விலக்கும் மாநிலச் சட்டம் செல்லாதென அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1880 இலேயே தீர்த்தது. இருந்தும் 1955 செப்டெம்பரில், மிசிசிப்பி மாநிலத்துச் சம்னரில், எம்மற் ரில் என்னும் 14 வயதுச் சிறுவனைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இருவரை, வெள்ளை ஆடவர் மட்டுமே கொண்ட யூரர் குழு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் விடுவித்தது. யூரர் வாக்காளரிடையே இருந்து தெரியப்பட்டனர். கறுப்பினத்தவரோ வாக்காளராகப் பதிவதினின்றும் தடுக்கப்பட்டிருந்தனர். அங்கே வாக்காளர் இடாப்புச் செய்ததை இங்கே மொழித் தெரிவு செய்கின்றது.

யூரரின்றி மூன்று நீதிபதிகள் விளங்கிய வழக்குகளில் நிலைமை சற்று வேறுபடுகின்றது. கிருசாந்தி குமாரசுவாமி கொலை வழக்கிலே 1998 இலும், எண்மர் கொல்லப்பட்ட மிருசுவில் வழக்கிலே 2015 இலும் படையினர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். ஆனால் யூரரை நீக்கினால் எல்லாம் சீராகும் என்று இதிலிருந்து முடிவுகட்டுதல் அவசரமாகும். 2000 ஒக்டோபரில் பிந்துனுவெவ முகாமிலே தமிழ்த் தடுப்புக்காவலர் கொல்லப்பட்ட வழக்கில் 2003 இல் தண்டனை பெற்றோர் அனைவரையும் 2005 இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. மிருசுவில் வழக்கின் குற்றவாளிக்கோ 2020 மார்ச்சில் ஜனாதிபதியின் மன்னிப்புக் கிடைத்தது.

யூரரே இல்லாத தொடக்கநிலையிற்கூட வழக்கு உதிர்ந்துவிடலாம். 2006 சனவரி 2 ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர் கொல்லப்பட்டனர். குண்டுவெடிப்பில் இறந்தனர் எனப் படைத்தரப்பு கூற, உடல்களிற் காணப்பட்ட துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைப் படம் பிடித்து வெளிப்படுத்தியவர் பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24 ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். 2013 இலே விசேட அதிரடிப்படையினர் பன்னிருவரும் பொலிஸ் அதிகாரி ஒருவரும் கைதாயினர். 2019 யூலை 3 ஆம் திகதி, சாட்சியம் போதாதென, பதின்மூவரையும் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. நீதிமன்றம் அண்மையிலேயே இருந்தது, தமிழும் வழங்கியது. சாட்சிகளோ அச்சத்தால் நாட்டைவிட்டே அகன்றிருந்தனர்.

எதிரி தமிழனாயின் இதே சட்டத்துறை எத்துணை விரைவாகத் தன் ஐயங்களைக் களைந்துவிடுகின்றது என்பதையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். பொலிஸாரிடம் அளித்த குற்ற ஒப்புதல் செல்லாதென்பது 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் வகுத்த நெறி. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்நெறியை விலக்கி, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதலை ஏற்றது. அது வற்புறுத்திப் பெறப்பட்டதென நிறுவும் சுமையையும் எதிரியின் மீதே ஏற்றியது. சிங்கராசா வழக்கில், தமிழிற் கேட்கப்பட்டுச் சிங்களத்தில் தட்டச்சிடப்பட்டு, கைநாட்டுப் பெறப்பட்ட வாக்குமூலத்தின்மீதே 1995 இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாயிற்று. நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டதென ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு 2004 இற் கண்டது. 2006 இல் இலங்கை உயர் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது.

ஆகக் குமாரபுர வழக்கிலே தன் மொழியில் தன்னவர் தீர்க்கவேண்டுமென்னும் உரிமை கோப்ரல்களுக்கு முழுமையாகக் கிடைத்தது. சிங்கராசாவுக்கோ தான் கைநாட்டிட்ட தாளை வாசிக்கும் மொழிகூடக் கிடைக்கவில்லை.